அப்பாவின் புல்லட் சத்தம்

வடசேரி சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தெருவில், பதினைந்து வருடங்களுக்கு முன்பு வரை, இரவு எட்டரை மணி ஆனால் ஒரு சத்தம் கேட்கும். 'டுப்... டுப்... டுப்...' வண்டி முக்கு திரும்பும்போதே வீட்டுக்குத் தெரிந்துவிடும். அடுக்களையில் அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள். வண்டி நடைக்கு முன்னால் வந்து நிற்பதற்கும் கல்லில் முதல் தோசை விழுவதற்கும் சரியாக இருக்கும். 'அவிய வந்தாச்சு' என்று ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா வாழைக்குலை வியாபாரி. விடிவதற்கு முன்பே பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம் பக்கம் போய், தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிக் குலைக்கு விலை பேசுவார். மட்டி, செந்துளுவன், ரசகதலி. ஓணம் நெருங்கினால் நேந்திரன். சில நாள் வண்டியின் இரண்டு பக்கமும் குலை தொங்க வருவார். வண்டி 1989 மாடல் புல்லட் 350. செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

அதை ஸ்டார்ட் செய்வதே ஒரு சடங்கு. சாவியைப் போட்டு, ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்தி, பிஸ்டன் சரியான இடத்துக்கு வந்ததும் லீவரை விட்டுவிட்டு ஓர் உதை. அவசரப்பட்டு உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு யாரும் அந்த வண்டியைக் கடன் கேட்டதில்லை.

மகன் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா இறந்தார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனில் ஒரு பகுதி, புல்லட்டை விற்ற காசில் அடைந்தது. வாங்கியவர் வந்து வண்டியை எடுத்துப் போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அந்தச் சத்தம் தெருவை விட்டுப் போனதை அவன் கேட்கவில்லை.

பிறகு படித்தான், வேலைக்குப் போனான். 2023-ல் மாதத் தவணையில் புது கிளாசிக் 350 ஒன்றை வாங்கினான். பதிவு எண் TN-74 என்பதற்குப் பதிலாக 'டி.என். 74' என்று வாயால் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். ஷோரூமிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தான். அம்மா சந்தனம், குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். அவன் பட்டனை அழுத்தினான். வண்டி பூனை மாதிரி முணுமுணுத்தது.

அம்மா கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள். "இது புல்லட்டா மக்ளே? சத்தத்தயே காணமே!"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல் அவன் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கடன் வாங்கி வண்டி எடுத்ததே அந்தச் சத்தத்துக்காகத்தான் என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

சைலன்சர் தேட ஆரம்பித்தான். அது தனி உலகம். புல்லட் சைலன்சருக்கு எத்தனை பெயர்கள்! லாங் பாட்டில், ஷார்ட் பாட்டில், கோல்டு ஸ்டார், பஞ்சாப், இந்தோரி, டால்ஃபின், மெகாஃபோன். சைலன்சரை மட்டும் கழற்றி வேறு மாட்டினால் அது 'ஸ்லிப் ஆன்'. இன்ஜின் வாயிலிருந்து தொடங்கும் பெண்ட் பைப்போடு சேர்த்து எல்லாவற்றையும் மாற்றினால் 'ஃபுல் சிஸ்டம்'. உள்ளே சத்தத்தைக் குறைக்கத் தனியாகக் கழற்றி மாட்டும் குழாய்த் துண்டுக்கு 'டிபி கில்லர்' என்று பெயர். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைத்தான் கழற்றுவார்கள்.

அவன் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து வாங்கினான். பில் கிடையாது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்களாம். அதைச் சாக்குப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, கோட்டாறில் இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனான். அப்பாவின் வண்டியைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். இப்போது எழுபதை நெருங்குகிறார். பெரிய வேலைகளைப் பையன்கள் செய்கிறார்கள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்வார்.

சாக்கைப் பிரித்துப் பார்த்தார். ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனை வழியாக ரோட்டைப் பார்த்தார். "உள்ள ஒண்ணும் இல்லியேடே. வெறுங்குழல்" என்றார்.

"அப்பா வண்டி மாதிரி சத்தம் வரணும் அண்ணாச்சி."

அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மாட்டித் தாரேன். நீயே கேட்டுப் பாரு" என்றார்.

இன்ஜின் ஆறும் வரை காத்திருந்தார்கள். சூடாக இருக்கும்போது சைலன்சரில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். அவசரப்பட்டு போல்ட்டைத் திருகினால் உடையும். துரு இளகும் எண்ணெயை அடித்து விட்டு, பையன் கிளாம்ப்பைத் தளர்த்தினான். பிறகு பின்னால் தாங்கி நிற்கும் போல்ட். சைலன்சரை ஒரு கையால் ஏந்திக்கொண்டு, இடமும் வலமும் மெல்ல ஆட்டி உருவினான். பழையதைக் கீழே வைத்தபோது 'தொம்' என்றது. புதியது கையில் பாதி எடை கூட இல்லை.

மாட்டும்போது அண்ணாச்சி எழுந்து வந்தார். இணைப்பில் புது கேஸ்கெட் வைக்கச் சொன்னார். பழையதையே வைத்தால் ஓரத்தில் புகை கசியும். கசிகிற இடத்தில் வெளிக்காற்று உள்ளே புகும். ஆக்ஸிலேட்டரை விடும்போதெல்லாம் பட்டாசு மாதிரி வெடிக்கும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் பாதி முறுக்கி, சைலன்சரைச் சரியாக உட்கார வைத்து, அதன் பிறகே ஸ்பேனர் போட வேண்டும். ஒரு பக்கத்தை முதலிலேயே இறுக்கிவிட்டால் குழாய் இழுத்துக்கொண்டு நிற்கும். இன்ஜின் அதிர அதிர, நாள்பட்டு, பிராக்கெட்டோ ஸ்டட்டோ விரிசல் விடும். "சூடாகி ஆறினதும் ஒரு தடவ இறுக்கணும், மறந்திராத" என்றார்.

அவன் பட்டனை அழுத்தினான். ஒர்க்‌ஷாப் தகரம் அதிர்ந்தது. எதிரில் இருந்த டீக்கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அண்ணாச்சி மட்டும் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

அன்று மாலை அவன் நேராக வீட்டுக்குப் போகவில்லை. தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழி வரை போனான். மலைக்கு நடுவே காற்று வாங்கிக்கொண்டு காற்றாலைகள் சுற்றும் அந்த இடத்தில், சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வருவது மாதிரி இருந்தது. அதைப் பொய் என்று சொல்ல முடியாது. வண்டிக்காரர்களுக்குத்தான் அந்த சந்தோஷம் தெரியும்.

வீட்டு முக்கு திரும்பும்போது மணி ஒன்பது. எதிர்வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது. நாலைந்து நாய்கள் ஒன்றாகக் குரைத்தன. மூன்றாவது வீட்டு மாமி நடைக்கு வந்து நின்றாள். அவள் வீட்டு மாமா நெஞ்சுவலி வந்து ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, அந்த வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தார். மாமி ஒன்றும் சொல்லவில்லை. "நீயாடே? நான் யாரோன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அம்மா கதவைத் திறந்தாள். "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டான். "கை கழுவிட்டு வா" என்றாள்.

ஐந்தாறு நாள் இப்படியே போனது. வண்டியிலும் சின்னச் சின்ன மாற்றங்கள். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டால் 'படபட'வென்று வெடித்தது. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஏறும்போது, முன்பு மூன்றாவது கியரில் சாவகாசமாக ஏறிய இடத்தில் இரண்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. நீண்ட தூரம் போய் வந்தால் காதுக்குள் ஒரு ரீங்காரம், படுத்த பிறகும்.

ஒரு ராத்திரி தோசை சுட்டுக்கொண்டே அம்மா பேச்சை எடுத்தாள்.

"ஒங்க அப்பாவுக்க வண்டிச் சத்தம் ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

"அதுக்குத்தானே இத மாட்டினேன்."

"கீழ வீட்டுப் பாட்டா கடைசியா கெடந்தாவல்லா, அப்பம் நீ நாலாங் கிளாஸோ அஞ்சாங் கிளாஸோ. ஆறு மாசம். அந்த ஆறு மாசமும் அவிய முக்குலயே வண்டிய ஆஃப் பண்ணிருவாவ. குலையும் அதுவுமா, தெரு நீளத்துக்கும் உருட்டிட்டுத்தான் வருவாவ. 'பாட்டா இப்பந்தான் கண்ண அசந்திருப்பாவ'ன்னு சொல்லுவாவ. வந்தது தெரியாம நான் அடுப்பு பத்த வைக்காம இருந்திருக்கேன்."

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கை நின்றது. அந்த ஆறு மாதம் அவன் நினைவிலேயே இல்லை. நூற்றறுபது, நூற்றெழுபது கிலோ வண்டி. நாள் முழுக்க வெயிலில் அலைந்த மனிதர். சத்தம் கேட்ட இரவுகள் எல்லாம் ஞாபகம் இருக்கின்றன. கேட்காத இரவுகள்தான் மறந்துபோயின.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கோட்டாறுக்குப் போனான். பழைய சைலன்சரை மாட்ட வேண்டும் என்றான். அண்ணாச்சி ஏன் என்று கேட்கவில்லை. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அன்றைக்குச் சொல்லாததைச் சொன்னார். அது கொஞ்சம் கணக்கு.

புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. பழைய வார்ப்பிரும்பு இன்ஜினில் பிஸ்டன் அகலம் 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 90. நீண்ட ஓட்டம், கனமான ஃப்ளைவீல், வெறும் 6.5-க்கு 1 என்ற கம்ப்ரஷன். கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகி, நிமிடத்துக்கு அறுநூறு சுற்று வரைக்கும் அதை இறக்கி வைக்க முடியும். அப்படியானால் நிமிடத்துக்கு முந்நூறு வெடிப்பு, விநாடிக்கு ஐந்து. ஒவ்வொன்றையும் காது தனித்தனியாக எண்ணும். அதுதான் அந்த 'டுப்... டுப்...'

புது இன்ஜினில் அகலம் 72, ஓட்டம் 85.8, கம்ப்ரஷன் 9.5. அதிர்வைக் குறைக்க உள்ளே ஒரு பேலன்சர் ஷாஃப்ட் சுற்றுகிறது. பெட்ரோலை ஊற்றுவது கார்புரேட்டர் அல்ல. கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்து இன்ஜெக்‌ஷனில் கொடுக்கிறது. நின்றபடி ஓடும்போது வேகத்தை அதுவே ஆயிரம் சுற்றை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும். விநாடிக்கு எட்டு வெடிப்புக்கு மேல். எந்தக் குழலை மாட்டினாலும் எட்டு, ஐந்தாக ஆகாது.

"சைலன்சர மாத்தினா சத்தம் கூடும் தம்பி, தாளம் மாறாது. ஒங்க அப்பா வண்டில இருந்தது கம்பெனி சைலன்சராக்கும். நான்தான் அதுக்கு வெல்டு வச்சுக் குடுத்தேன்" என்றார்.

புகைக்குழாய் வழியாக வாயு ஒரே சீராகப் போவதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஓர் அலையாகப் போகிறது. அந்த அலை குழலின் முனையில் பட்டுத் திரும்பியும் வருகிறது. எந்த நேரத்தில் திரும்பி வரவேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் கம்பெனியில் நீளமும் அகலமும் வைக்கிறார்கள். அதைக் கலைத்தால் மேல் வேகத்தில் கொஞ்சம் கிடைக்கலாம். ஏற்றத்தில் தேவைப்படும் கீழ் இழுவை போய்விடலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 வந்த பிறகு, புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்க குழலில் ஒரு சென்சார் இருக்கிறது. நச்சு வாயுவை மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் குழல் பாதையில்தான் இருக்கிறது. முழு சிஸ்டத்தையும் மாற்றுகிறவர்கள் அதையும் சேர்த்துத் தூக்கி எறிகிறார்கள்.

"குழல மாத்தினா அர்த்தம் உள்ள வண்டின்னா அது ஆர்.எக்ஸ்.100" என்று சிரித்தார் அவர். 1985-லிருந்து 1996 வரை இங்கே வந்த அந்த யமஹா, டூ ஸ்ட்ரோக். அதில் புகை வெளியேறும் வழியைத் திறந்து மூடும் வால்வு கிடையாது. எரியாமல் வெளியே ஓடும் பெட்ரோல் கலவையைத் திருப்பி உள்ளே தள்ளுவதே குழலின் வேலை. கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். கம்பெனியில் இருந்த வால்டர் காடன் என்ற இன்ஜினீயர் 1950-களில் அந்தக் குழலைப் பண்படுத்தினார். அவருடைய ரேஸ் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் மேற்குப் பக்கம் தப்பிப் போய், அந்த வித்தையோடு சுசுகியில் சேர்ந்தார். மறு வருடமே 50 சிசி உலக சாம்பியன் ஆனார். ஒரு புகைக்குழாய்க்கு இவ்வளவு கதை உண்டு.

சத்தத்தின் மேல் ஆசைப்படுவது மனிதர்கள் மட்டுமில்லை. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் கம்பெனி, தன் இன்ஜின் சத்தத்தையே டிரேட் மார்க்காகப் பதிவு செய்யக் கேட்டு 1994-ல் விண்ணப்பித்தது. மற்ற கம்பெனிகள் எதிர்க்க, ஆறு வருடம் இழுபட்டு, 2000-ல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சட்டத்தை அவன் முன்பே பார்த்திருக்க வேண்டும். 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டி, தயாரிப்பு நிலையில் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் இல்லை. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் வரம்பு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டருக்கு இரவில் 40.

கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. ஒலி, புகை விதிகளை மீறி ஓட்டினால் 190(2) பிரிவின்படி முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும். மூவாயிரத்து எண்ணூறு ரூபாய்க் குழலுக்கு இது தாங்காது. பறிமுதல் செய்த சைலன்சர்களை நடுரோட்டில் அடுக்கி ரோடு ரோலரை ஏற்றும் காட்சியை, பல ஊர்ச் செய்திகளில் எல்லோரும் பார்த்திருப்போம்.

சத்தம் இருந்தால் விபத்து குறையும் என்று சொல்கிறவர்கள் உண்டு. குழலின் வாய் பின்னால் பார்த்து இருக்கிறது. எதிரே கண்ணாடியை ஏற்றிவிட்டு வரும் லாரிக்காரருக்கு அது கேட்பதற்குள் வண்டி அவர் முன்னால் வந்துவிடும். ஹெட்லைட்டும் ஹாரனும் நல்ல பிரேக்கும் செய்கிற வேலையைச் சைலன்சர் செய்யாது.

கழற்றி மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. மறுபடியும் புது கேஸ்கெட். அண்ணாச்சி கேஸ்கெட்டுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். கழற்றிய குழலைப் பையன் கேட்டான், அவன் கொடுக்கவில்லை. இன்னொரு தெருவில் இன்னொரு குழந்தை எழுந்து அழவேண்டாம் என்று சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டான். அது இப்போது பரணில், பழைய நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. போன மூவாயிரத்து எண்ணூறு போனதுதான்.

கிளம்பும்போது, அப்பாவின் பழைய வண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டான். மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டக்காரரிடம் போனது, அதற்கப்புறம் தெரியாது என்றார் அவர். "கெடச்சாலும் வாங்காத. ஓட்டுறதவிட உருட்டுறதுதான் அதிகமா இருக்கும்" என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் மூன்றாவது வீட்டு மாமா நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவன் வண்டியை நிறுத்தினான். "இப்பம் எப்படி இருக்கு மாமா?"

"பரவால்ல மக்கா. ராத்திரி கொஞ்சம் ஒறக்கம் வருது" என்றார் அவர். பிறகு வண்டியைப் பார்த்து, "சைலன்சர மாத்திட்டியா?" என்று கேட்டார். அவனுக்குத் தலை குனிந்தது. "நல்ல வண்டி. ஒங்க அப்பனுக்கு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கக் குடுத்து வைக்கல" என்றார்.

அவ்வளவு தூரம்தான், உருட்டியே போய்விடலாம் என்று தோன்றியது. இன்ஜினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தள்ளியபோதுதான் அந்தக் கனம் கைக்கும் இடுப்புக்கும் தெரிந்தது. நடைக்கு முன்னால் ஸ்டாண்ட் போட்டபோது, உள்ளே கல்லில் மாவு விழுந்து 'சுர்' என்று சத்தம் கேட்டது.

"நான் வந்தது எப்படிம்மா தெரிஞ்சுது?"

"முக்கு திரும்பும்போதே கேட்டுதே" என்றாள் அம்மா. "பால்காரன் வண்டிக்கும் ஒன் வண்டிக்கும் வித்தியாசம் தெரியாதாக்கும் எனக்கு! கை கழுவிட்டு வா."